தமனியையும் சிரையையும் பிரிக்க 3டி ஸ்லைசர்: ஒரு சி.டி. டெக்னீஷியனின் மதிப்பீடு

சி.டி. ஸ்கேன் படத்தில் தமனியைத் தனியாகவும் சிரையைத் தனியாகவும் பிரித்தெடுக்க நான் பயன்படுத்துவது 3டி ஸ்லைசர் என்ற மென்பொருள். மதுரையில் ஒரு ஸ்கேன் சென்டரில் சி.டி. டெக்னீஷியனாக இருக்கிறேன். உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம், அப்புறம் சிவகங்கை, ராமநாதபுரம் என்று பல ஊர்க்காரர்களும் எங்களிடம் வருகிறார்கள். தலைச்சுற்றல், வயிற்றுவலி, பைக்கில் விழுந்தது என்று வரிசை நாள் முழுக்க ஓடும். அதற்கு நடுவில் வருகிற ஒரு வேலைதான் எனக்கு மிகவும் பிடித்தது, மிகவும் கவனமாகச் செய்வதும் அதைத்தான்: சிறுநீரகம் தானம் கொடுப்பவர்களுக்கு எடுக்கிற ரீனல் ஆஞ்சியோ, அதாவது சிறுநீரக ரத்தக்குழாய்களைக் காட்டும் ஸ்கேன். அந்த ஒரு வேலையை உரைகல்லாக வைத்தே இந்த மென்பொருளைப் பற்றி எழுதுகிறேன்.

தானம் கொடுக்க வருபவர் நோயாளி இல்லை. நல்ல ஆரோக்கியமாக இருக்கிற ஒருவர், மகனுக்காகவோ கணவருக்காகவோ தன் உடம்பில் கத்தி வைக்கச் சம்மதித்து வருகிறார். நான் பார்க்கிறவர்களில் பெரும்பாலும் அம்மாக்கள், மனைவிகள். ஆபரேஷன் செய்யப்போகும் டாக்டருக்கு ரிப்போர்ட்டில் இரண்டு வரி போதாது. ஒவ்வொரு சிறுநீரகத்துக்கும் எத்தனை தமனி, பெருந்தமனியை விட்டுக் கிளம்பி எவ்வளவு தூரத்தில் முதல் கிளை பிரிகிறது, சிரை ஒன்றா இரண்டா, எந்த வழியாகப் போகிறது, எல்லாவற்றையும் அவர் கண்ணால் பார்த்தாக வேண்டும். சிறுநீரகத்துக்கு ஒரு தமனி, ஒரு சிரை என்பது பாடப்புத்தகக் கணக்கு. நிஜத்தில் ஏறக்குறைய நாலு பேரில் ஒருவருக்கு ஏதாவது ஒரு பக்கம் கூடுதல் தமனி இருக்கும்.

முடிந்தவரை இடது சிறுநீரகத்தைத்தான் எடுப்பார்கள். இடதுபக்கச் சிரை நீளமானது. பொருத்துகிறபோது தைக்கத் தாராளமாகக் கிடைக்கும். வலது சிரை குட்டை. அந்த நீளமான இடது சிரை பெருந்தமனிக்கு முன்னால், குடலுக்கு இறங்கும் தமனிக்கு அடியில் நுழைந்து, வலப்பக்கம் உள்ள கீழ்ப்பெருஞ்சிரையில் போய்ச் சேர்கிறது. சிலருக்கு அது பெருந்தமனிக்குப் பின்னால் போகும். சிலருக்கு இரண்டாகப் பிரிந்து முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டு போகும். வலது பக்கத்திலோ தமனி கீழ்ப்பெருஞ்சிரையின் முதுகுக்குப் பின்னால் மறைந்து வருகிறது. ஆக, பிரித்துப் பார்க்க வேண்டிய இடங்களில்தான் இரண்டும் உரசிக்கொண்டு கிடக்கின்றன. பாசனக் கால்வாய் மேலேயும் காட்டோடை கீழேயும் குறுக்கே கடக்கிற இடத்தைத் தள்ளி நின்று பார்த்தால் இரண்டு தண்ணீரும் கலந்துவிட்ட மாதிரித் தெரியுமே, படத்தில் அப்படித்தான் இருக்கும்.

சி.டி.க்கு நிறம் தெரியாது, அடர்த்திதான் தெரியும். அதை ஹவுன்ஸ்ஃபீல்டு எண்ணாகச் சொல்வோம்: தண்ணீர் 0, காற்று மைனஸ் 1000. மருந்து ஏற்றாத ரத்தம் 40ஐ ஒட்டி இருக்கும்; தமனியில் ஓடினாலும் சிரையில் ஓடினாலும் அதே எண்தான். அயோடின் கலந்த கான்ட்ராஸ்ட் மருந்தைக் கை நரம்பில் வேகமாக ஏற்றினால் அது முதலில் தமனிகளை நிரப்பி, அப்புறம் சிரைக்குத் திரும்பும். அந்த இடைவெளியில் பிடித்தால் தமனி மட்டும் 300க்கு மேல் பளிச்சென்று நிற்கும். சிறுநீரகத்தில் அந்த இடைவெளி ரொம்பக் குறுகியது. இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகங்களுக்குத்தான் போகிறது. அவ்வளவு ரத்தம் பாய்கிற இடத்தில் மருந்து சிரைக்குத் திரும்பவும் அதிக நேரம் எடுக்காது. தமனிக் கட்டம், அதாவது மருந்து தமனியில் நிற்கிற நேரம், என்று எடுத்த படத்திலேயே சிறுநீரகச் சிரை 180, 200 என்று வெளுத்துக் கிடப்பதை அடிக்கடி பார்க்கிறேன். எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு எந்த மென்பொருளும் இரண்டையும் பிரித்துவிட முடியாது. கூடவே முதுகெலும்பும் அதே எண்களில் வந்து ஒட்டிக்கொள்ளும்.

அதனால்தான் சொல்கிறேன், பிரிக்கிற வேலை ஸ்கேன் மேஜையிலேயே தொடங்கிவிடுகிறது. கான்ட்ராஸ்ட் ஏறும்போது பெருந்தமனியில் ஒரு சின்ன வட்டம் போட்டு அதன் எண்ணைக் கவனித்துக்கொண்டே இருந்து, 100 முதல் 150க்குள் நாம் வைத்திருக்கும் அளவைத் தொட்டதும் ஸ்கேன் கிளம்புகிற மாதிரி வைக்க வேண்டும். கடிகாரத்தைப் பார்த்து இத்தனையாவது விநாடி என்று குருட்டாம்போக்கில் எடுத்தால், இதயம் மெதுவாகத் துடிக்கிறவருக்கு ஒரு மாதிரியும் பயத்தில் படபடக்கிறவருக்கு இன்னொரு மாதிரியும் வரும். ஒல்லியானவராக இருந்தால் எக்ஸ்ரே குழாயின் மின்னழுத்தத்தை 120க்குப் பதில் 100 கே.வி.யில் வைத்து எடுப்பது நல்லது. அயோடின் கூடுதலாக வெளுக்கும், கதிர்வீச்சும் குறையும். ஸ்லைஸ், அதாவது உடம்பைக் குறுக்கே வெட்டிக் காட்டும் ஒவ்வொரு படத்தின் தடிமன், 1 மி.மீ. அல்லது அதற்கும் குறைவாக இருக்க வேண்டும். இது பேரம் பேசக்கூடாத விஷயம்.

மூச்சும் அப்படித்தான். மேலூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மா, மேஜையில் படுத்தபடியே, "எம்புட்டு நேரம் தாயி மூச்சப் புடிக்கணும்?" என்று கேட்டார். "பத்து எண்ணுற வரைக்கும்தாம்மா" என்று சொல்லி, மருந்து ஏற்றுவதற்கு முன்பே அவரை எண்ண வைத்துப் பழக்கினேன். நடுவில் மூச்சு விட்டால் சிறுநீரகம் கீழே இறங்கி ஏறும். தமனி படியாக ஒடிந்து தெரியும். அப்படி ஒடிந்த படத்தை ஸ்லைசரில் போட்டால் அது அந்த இடத்தில் தமனியை அறுத்துவிட்டுப் பக்கத்தில் இருக்கிற சிரையோடு சேர்த்து வைக்கும். எத்தனை நேரம் உட்கார்ந்து திருத்தினாலும் அது சரியாக வராது.

இனி மென்பொருளுக்கு வருகிறேன். 1998இல் பாஸ்டனில் பிரிகாம் அண்ட் விமன்ஸ் மருத்துவமனையின் அறுவைத் திட்டமிடல் ஆய்வகத்துக்கும் எம்.ஐ.டி.க்கும் இடையே ஒரு முதுகலை ஆய்வேடாகத் தொடங்கியது ஸ்லைசர். இன்றுவரை இலவசம், மூல நிரலும் திறந்தே இருக்கிறது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். டவுன்லோடு செய்து நிறுவினால் போதும். பெயர் பதிவு, டாங்கிள், வருடச் சந்தா எதுவும் கிடையாது.

இது எனக்கு ஏன் பெரிய விஷயம் என்றால், எங்கள் ஸ்கேனருடன் வந்த ஒர்க்ஸ்டேஷனிலும் ரத்தக்குழாய் மென்பொருள் உண்டு. எலும்பை நீக்குவதில் அது கெட்டிக்காரத்தனமானது, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் லைசென்ஸ் ஒரே ஒரு கம்ப்யூட்டருக்கு. அதில் டாக்டர் ரிப்போர்ட் பார்க்க உட்கார்ந்துவிட்டால் நான் ராத்திரி வரை காத்திருக்க வேண்டும். தமனியையும் சிரையையும் இரண்டு நிறத்தில் பிரித்து, ஆபரேஷன் டாக்டர் தன் லேப்டாப்பில் சுழற்றிப் பார்க்கிற மாதிரிக் கொடுக்கும் வசதிக்குத் தனிக் கட்டணம், அதுவும் லட்சத்தில். எங்கள் ஓனர் அந்தக் கொட்டேஷனைப் படித்துவிட்டு மடித்து டிராயரில் வைத்துவிட்டார். எங்களை மாதிரி அளவான சென்டர் எதிலும் அதுதான் நடக்கும். அதனால் அந்த வசதி கிடைக்காமல் போவது தானம் கொடுக்க வருகிறவருக்குத்தானே என்ற ஆதங்கத்தில்தான் ஸ்லைசரைக் கற்றுக்கொள்ள உட்கார்ந்தேன்.

வேலை நடக்கும் விதத்தைச் சொல்கிறேன். ஸ்கேன் படங்கள் டைகாம் என்ற கோப்பு வடிவில் இருக்கிற ஃபோல்டரை அப்படியே இழுத்து உள்ளே போட்டால் நோயாளி வாரியாக, சீரிஸ் வாரியாகப் பிரித்து வைத்துக்கொள்ளும். மெல்லிய ஸ்லைஸ் உள்ள தமனிக் கட்டத்தைத் திறந்ததும், நான் முதலில் செய்வது கிராப் வால்யூம். சிறுநீரகங்களும் அவற்றுக்கு நடுவில் உள்ள பெருங்குழாய்களும் அடங்கும் பெட்டியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வெட்டிவிடுவேன். 512க்கு 512 அளவில் 600 ஸ்லைஸ் என்றால் கிட்டத்தட்ட 315 எம்.பி. ஏற்றும் படத்தைப் போலப் பத்து மடங்கு ராம் வேண்டும் என்பது ஸ்லைசர்காரர்களே சொல்லும் கணக்கு. அப்படியானால் ஒரு கட்டத்துக்கே 3 ஜி.பி.க்கு மேல் போய்விடும். இரண்டு மூன்று கட்டங்களை வெட்டாமல் ஏற்றினால் 8 ஜி.பி. லேப்டாப் முனக ஆரம்பித்துவிடும். வெட்டிய பெட்டியில் வேலை பார்த்தால் சாதாரண லேப்டாப்பே தாங்குகிறது.

அப்புறம் செக்மென்ட் எடிட்டர், அதாவது ஒவ்வொரு பாகத்தையும் தனி நிறத்தில் தீட்டிப் பிரிக்கிற இடம். அதில் த்ரெஷோல்டு என்ற கருவியில் கீழ் எல்லையை 150ஐ ஒட்டி வைத்தால் தமனி, சிரை, சிறுநீரகம், எலும்பு எல்லாம் ஒரே கட்டியாக ஒளிரும். இங்கே பலர் நின்றுவிட்டு, "இதுல பிரிக்க முடியலக்கா" என்று என்னிடம் வருகிறார்கள். இந்த எல்லையை நான் பயன்படுத்துவது முகமூடியாக மட்டும்தான். அதாவது, இந்த எண்களுக்கு உட்பட்ட இடத்தில் மட்டுமே தூரிகை படியட்டும் என்று பூட்டிவிடுவது. அதன் பிறகு எவ்வளவு அலட்சியமாகத் தீட்டினாலும் கொழுப்பிலோ குடலிலோ நிறம் வழியாது.

உயிர்நாடி என்று நான் நினைப்பது குரோ ஃப்ரம் சீட்ஸ் (விதையிலிருந்து வளர்) என்ற கருவி. தமனிக்கு ஒரு நிறம், சிரைக்கு ஒரு நிறம், சிறுநீரகத்துக்கும் எலும்புக்கும் சேர்த்து மூன்றாவதாக ஒரு நிறம். ஒவ்வொன்றிலும் சந்தேகமே இல்லாத இடங்களில் சின்னச் சின்னப் புள்ளிகளை விதையாக வைக்க வேண்டும். பெருந்தமனியின் நடுவில், சிறுநீரகத் தமனி கிளம்பும் வாயில், அதன் வழியில் இரண்டு மூன்று இடத்தில். சிரைக்குக் கீழ்ப்பெருஞ்சிரையில், இடது சிரை பெருந்தமனியைத் தாண்டுகிற இடத்துக்கு முன்னும் பின்னும். இனிஷியலைஸ் அழுத்தினால் ஒவ்வொரு விதையும் தன்னைச் சுற்றி ஒரே மாதிரி எண் உள்ள இடங்களைப் பிடித்துக்கொண்டே வளர்ந்து, அடுத்த நிறத்தோடு எங்கே முட்டுகிறதோ அங்கே எல்லை போட்டுக்கொள்ளும். தவறான பக்கம் போய்விட்டதா? அந்த இடத்தில் சரியான நிறத்தில் ஒரு புள்ளி வைத்தால் போதும், எல்லை தானாக நகர்ந்து சரியாகும்.

இதில் எனக்குப் பிடித்தது என்னவென்றால், உடற்கூறு தெரிந்த மனிதரின் தீர்ப்பைக் கேட்டுத்தான் அது நடக்கிறது. இடது சிரையும் பெருந்தமனியும் உரசுகிற இடத்தில் எண்ணால் முடிவு சொல்ல முடியாது. ஆனால் ஒவ்வொரு ஸ்லைஸாக மேலும் கீழும் ஓட்டிப் பார்க்கிற எனக்கு எது எங்கிருந்து வருகிறது என்று தெரியும். ஷிஃப்டை அழுத்திக்கொண்டு மவுஸை நகர்த்தினால், மூன்று திசை வெட்டுகளைக் காட்டும் தட்டைப் பட ஜன்னல்கள் மூன்றும் அதே புள்ளிக்கு வந்து நிற்கின்றன. ஒரு குழாயைப் பெருந்தமனி வரை பின்தொடர்ந்து போக இதைவிட வசதியான வழியை நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

புதிதாகப் பழகுகிறவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. அப்ளை அழுத்தியதும் நீங்கள் வைத்த விதைகள் போய்விடும், வளர்ந்த முடிவுதான் மிஞ்சும். அதனால் அழுத்துவதற்கு முன் அந்த செக்மென்டேஷனைப் பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, ஒரு நிறத்தின் மேல் இன்னொன்றைத் தீட்டினால் பழையது அழிந்துபோகிற மாதிரித்தான் முதலில் இருக்கும். சிரையைத் திருத்துகிறேன் என்று பக்கத்துத் தமனியைச் சுரண்டிவிடாமல் இருக்க, தமனியை மறைத்து வைத்துவிட்டு, கண்ணுக்குத் தெரிகிறதை மட்டும் மாற்று என்ற தேர்வுக்குப் போய்விடுவேன். மெல்லிய கிளைகளுக்கு லோக்கல் த்ரெஷோல்டு என்ற கருவி இருக்கிறது; செக்மென்ட் எடிட்டர் எக்ஸ்ட்ரா எஃபெக்ட்ஸ் என்ற நீட்சியை (கூடுதலாக நிறுவிக்கொள்ளும் துணை மென்பொருள்) நிறுவினால் அது வரும். கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு குழாயின் மேல் சொடுக்கினால் அதோடு தொடர்பில் உள்ளதை மட்டும் எடுத்துக்கொடுக்கும். கிளை நுனிகளுக்கு அது கைகொடுக்கிறது.

இப்போது இந்த மென்பொருளில் என்னை உண்மையிலேயே கவலைப்பட வைக்கிற இடம். பிரித்து முடித்த குழாய்கள் 3டியில் சொரசொரப்பாகத் தெரியும். ஸ்மூத்திங் என்று ஒரு கருவி, அதில் மீடியன் என்ற முறை, 3 மி.மீ. அளவு. அழுத்தினால் எல்லாம் வழவழவென்று பார்க்கவே அழகாகிவிடும். ஒரு தானக்காரருக்கு இடது சிறுநீரகத்தின் கீழ்முனைக்குத் தனியாக ஒரு மெல்லிய தமனி போய்க்கொண்டிருந்தது. குறுக்களவு 2 மி.மீ. கூட இருக்காது. ஸ்மூத்திங் அழுத்தியதும் 3டி ஜன்னலில் அது மறைந்தே போனது. கிளை நுனி கொஞ்சம் குறைந்தது என்றால் பரவாயில்லை, குழாயே அடியோடு காணோம். தட்டை ஜன்னல்களில் மட்டும் நிறம் இல்லாத வெள்ளைப் புள்ளியாக ஸ்லைஸுக்கு ஸ்லைஸ் இறங்கிக்கொண்டிருந்தது. மென்பொருள் ஒரு எச்சரிக்கையும் காட்டவில்லை.

மறைந்தது அந்தத் தமனி என்பதுதான் எனக்கு உறைத்தது. கீழ்முனைக்குப் போகிற தமனிதான் பல நேரம் சிறுநீர்க்குழாயின் மேல்பகுதிக்கும் ரத்தம் கொடுக்கிறது. அது தெரியாமல் அறுபட்டால், பொருத்திய பிறகு அந்தச் சிறுநீர்க்குழாய் அழுகிச் சிறுநீர் கசியும் அபாயம் உண்டு. நான் ஸ்மூத்திங்கைத் திரும்பப் பெற்று, அந்தத் தமனியைத் தனி செக்மென்டாகப் பிரித்து, வேறு நிறம் கொடுத்து, சொரசொரப்போடு அப்படியே வைத்தேன். ஆபரேஷன் டாக்டர் சார் மவுஸை என் கையிலிருந்து வாங்கி, பெருந்தமனியைப் பின்பக்கமாகத் திருப்பி, "ஏம்மா, இது தனியா ஐயோர்ட்டாலருந்தே வருதா, மெயின் ஆர்ட்டரிலருந்து பிரியுதா?" என்று கேட்டார். "தனியாவே வருது சார், ரெண்டு வாய்க்கும் நடுவுல இவ்வளவு இருக்கு" என்று தட்டைப் படத்தில் அளந்து காட்டினேன். அவர் அதைத் தன் நோட்டில் வரைந்துகொண்டார். அன்றிலிருந்து, பிரித்த முடிவைத் தட்டைப் படத்தின் மேல் வெறும் கோடாக மட்டும் போட்டு, மேலிருந்து கீழ்வரை ஒருமுறை ஓட்டிப் பார்த்து, வெள்ளையாக எதுவும் கோட்டுக்கு வெளியே நிற்கவில்லை என்று உறுதி செய்த பிறகுதான் யாருக்கும் அனுப்புகிறேன்.

அளப்பதும் தட்டைப் படத்தில்தான். பெருந்தமனியிலிருந்து 1.5 அல்லது 2 செ.மீ.க்குள் தமனி கிளைவிட்டால் அதை முன்கிளை என்று குறிப்பார்கள். அறுத்தால் ஒன்றுக்குப் பதில் இரண்டு வாய் தைக்க வேண்டிவரும் என்பதால் அந்தச் சில மில்லிமீட்டர் டாக்டருக்கு முக்கியம். 3டி உருவத்தில் கோணம் ஏமாற்றிவிடும்.

தானாகப் பிரிக்கிற செயற்கை நுண்ணறிவு இருக்கிறதே, அதைப் பயன்படுத்தலாமே என்று எங்கள் சென்டரில் புதிதாகச் சேர்ந்த தம்பி கேட்டான். பயன்படுத்துகிறேன். டோட்டல்செக்மென்டேட்டர் என்று ஒன்று, சுவிட்சர்லாந்தின் பாசெல் பல்கலைக்கழக மருத்துவமனையில் உருவானது, 2023இல் அதன் ஆய்வுக் கட்டுரை வந்தது. 1204 சி.டி. படங்களை வைத்துப் பழக்கிச் சோதித்து, உடம்பின் 104 பாகங்களைத் தானாக அடையாளம் காண வைத்தார்கள். ஸ்லைசருக்குள் நீட்சியாகவே நிறுவிக்கொள்ளலாம். முதல் தடவை நிறைய டவுன்லோடு செய்யும், நல்ல இணைய இணைப்பு இருக்கிற நேரத்தில் செய்யுங்கள். கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத கம்ப்யூட்டரில் முழுத் தரத்தில் ஓட்டினால் சாப்பிட்டுவிட்டு வந்தாலும் ஓடிக்கொண்டுதான் இருக்கும். வேகத் தேர்வில் சீக்கிரம் முடியும், ஆனால் படத்தை 3 மி.மீ.க்குக் குறைத்துப் பார்ப்பதால் ஓரங்கள் மொத்தையாக வரும்.

அது பெருந்தமனி, கீழ்ப்பெருஞ்சிரை, குடலிலிருந்து கல்லீரலுக்குப் போகும் போர்ட்டல் சிரை, இடுப்புத் தமனி சிரைகள், இரண்டு சிறுநீரகங்கள், முதுகெலும்புகள் எல்லாவற்றையும் சுத்தமாகப் பிரித்துத் தருகிறது. ஆனால் அதன் பொதுப் பட்டியலில் சிறுநீரகத் தமனியும் சிறுநீரகச் சிரையும் இல்லை. எனக்கு வேண்டிய கடைசி ஐந்து செண்டிமீட்டரை அது தொடுவதே இல்லை. அதனால் அதன் முடிவுகளை விதைகளாக எடுத்துக்கொள்கிறேன்: அது கொடுத்த பெருந்தமனியைத் தமனி நிறத்துக்கும், கீழ்ப்பெருஞ்சிரையைச் சிரை நிறத்துக்கும், எலும்பையும் சிறுநீரகத்தையும் மூன்றாவது நிறத்துக்கும் போட்டுவிட்டு, நடுவில் உள்ள மெல்லிய குழாய்களுக்கு மட்டும் கையால் புள்ளி வைக்கிறேன். எலும்பை ஒதுக்குகிற அலுப்பான வேலை முழுக்கக் குறைந்துவிட்டது. இந்தச் சேர்மானம் எனக்குப் பரிபூரண திருப்தி.

கல்லீரலுக்கும் இதே வழி போகும். அங்கே தமனி, போர்ட்டல் சிரை, கல்லீரல் சிரை மூன்றும் வெவ்வேறு நேரத்தில் நிரம்புவதால் கட்டங்களைத் தனித்தனியாக எடுத்து ஒன்றின் மேல் ஒன்று பொருத்த வேண்டும். மூச்சு ஒரே அளவில் நின்றிருந்தால் சுலபம், இல்லாவிட்டால் பொருத்துவதே தனி வேலை. நுரையீரல் எனக்கு அதிகம் வருவதில்லை. அங்கே எண்ணைவிட அண்டை வீட்டைப் பார்க்க வேண்டும்: தமனி மூச்சுக்குழாயோடு ஒட்டிக்கொண்டே போகும், சிரை பகுதிகளுக்கு நடுவில் ஓடி இதயத்தின் இடது மேலறைக்குத் திரும்பும்.

குறைகள் இன்னும் உண்டு. பொத்தான்களும் மாட்யூல்களும் ஏராளம். முதல் வாரம் எது எங்கே என்றே பிடிபடாது. தானாகச் சேமிக்கும் பழக்கம் அதற்கு இல்லை. கரண்ட் போய் யூ.பி.எஸ்.சும் கைவிட்டால் வைத்த விதைகள் அத்தனையும் போச்சு. ஒவ்வொரு குழாய் முடிந்ததும் கன்ட்ரோல் எஸ் அழுத்துவதை நான் அனிச்சையாகவே பழகிக்கொண்டேன். அப்புறம், மற்ற சென்டரில் எடுத்த ஸ்கேனை டிஸ்கில் கொண்டுவந்து, "இதுலேயே பிரிச்சுக் குடுங்க" என்று கேட்பார்கள். திறந்தால் 5 மி.மீ. ஸ்லைஸ் மட்டும்தான் இருக்கும். மெல்லிய ஸ்லைஸை டிஸ்கில் எழுதாமல் விட்டிருப்பார்கள். இதற்கு ஸ்லைசர் ஒன்றும் செய்ய முடியாது. தானக்காரர் மறுபடியும் மருந்தும் கதிர்வீச்சும் வாங்க வேண்டியதாகிறது. டெக்னீஷியன் நண்பர்களே, ஆஞ்சியோ என்றால் தயவுசெய்து மெல்லிய ஸ்லைஸையும் சேர்த்து எழுதிக் கொடுங்கள். ஒரு டிஸ்கில் இடம் போதாவிட்டால் இன்னொன்று போடுங்கள்.

ஸ்லைசர் ஆராய்ச்சிக்கான மென்பொருள். சிகிச்சைக்கென்று அங்கீகாரம் பெற்ற கருவி இல்லை என்று அதை உருவாக்கியவர்களே தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் சென்டரில் ரேடியாலஜிஸ்ட் மேடம் மூலப் படங்களைப் பார்த்துக் கையெழுத்திட்ட ரிப்போர்ட்தான் ரிப்போர்ட். என் 3டி உருவம் அதோடு கூடப் போகிற படம் மட்டும், ஒவ்வொன்றிலும் அப்படித்தான் எழுதி அனுப்புகிறேன். இந்த ஒழுங்கை விட்டுவிட்டு யாரும் இதை எடுக்க வேண்டாம்.

இன்னொரு நல்ல விஷயம், எல்லாம் நம் கம்ப்யூட்டரிலேயே நடக்கிறது. ஸ்கேனை ஏதோ ஒரு வலைத்தளத்தில் ஏற்றினால் நொடியில் பிரித்துக் கொடுக்கிறோம் என்று சொல்கிற சேவைகள் இருக்கின்றன. டைகாம் கோப்புக்குள் பெயர், வயது, பிறந்த தேதி எல்லாம் இருக்கும். 2023இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்துவிட்டது. சட்டம் இருக்கட்டும், நம்மை நம்பிப் படுத்தவரின் படம் அது. டாக்டருக்குக் கொடுக்கும்போதுகூட நான் பிரித்த உருவங்களை எஸ்.டி.எல். கோப்பாகத்தான் கொடுக்கிறேன், அதில் வடிவம் மட்டும்தான் இருக்கும். கோப்புக்கு வைக்கும் பெயரில் நோயாளி பெயரைப் போடாமல் இருந்தால் சரி.

16 ஜி.பி. ராம் உள்ள லேப்டாப், நடுவில் உருட்டுச் சக்கரம் உள்ள ஒரு மவுஸ், இவை இருந்தால் இன்றே தொடங்கலாம். டச்பேடில் இந்த வேலையைச் செய்ய முயற்சிக்காதீர்கள், மணிக்கட்டு போய்விடும். நிறுவியதும் எக்ஸ்டென்ஷன் மேனேஜரில் செக்மென்ட் எடிட்டர் எக்ஸ்ட்ரா எஃபெக்ட்ஸ், ரத்தக்குழாய் வேலைகளுக்கான ஸ்லைசர் வி.எம்.டி.கே., டோட்டல்செக்மென்டேட்டர் மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். பழகுவதற்கு நோயாளிகளின் படத்தைத் தொட வேண்டாம். சாம்பிள் டேட்டா என்ற மாட்யூலில் பானோராமிக்ஸ் என்ற பெயரில் வயிற்று ஆஞ்சியோ ஒன்று தயாராக இருக்கிறது. அதைத் திறந்து, இடது சிறுநீரகச் சிரை பெருந்தமனியைத் தாண்டுகிற இடத்தைக் கண்டுபிடித்து, அங்கே இரண்டையும் பிரிப்பதிலிருந்து ஆரம்பியுங்கள்.